ஜார்ஜுக்கு லென்னி இருந்தான், மருதிக்கு யார் இருந்தார்கள்?

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ 1937ல் வந்த சின்ன நாவல். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் போய்த் திரும்புவதற்குள் படித்து முடித்துவிடலாம். கதையும் சின்னதுதான். கலிஃபோர்னியாவில் பண்ணை பண்ணையாகப் போய்க் கூலி வேலை செய்கிற இரண்டு பேர். ஜார்ஜ் சின்ன உருவம், விவரமானவன். லென்னி மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி மூளை. ஒரு துண்டு நிலம் வாங்கி முயல் வளர்த்து, யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழணும் என்று இருவருக்கும் ஒரு கனவு. கடைசியில் லென்னி தன் பலம் தெரியாமல் ஒரு பெண்ணைக் கொன்றுவிட, கும்பல் கையில் அவன் சிக்கிச் சாவதற்கு முன்னால் ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபப்படாதீர்கள். தெரிந்து படித்தாலும் கனம் குறையாத புத்தகம் அது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக நட்பு, தனிமை என்ற இரண்டையும்தான் பேசுவார்கள். என் கேள்வி வேறு. அதே 1930களில் நம்ம ஆட்கள் லட்சக்கணக்கில் கடல் தாண்டிக் கூலி வேலையில் இருந்தார்கள். இலங்கைத் தேயிலை, மலாயா ரப்பர், பர்மாவில் துறைமுகமும் வயலும். விலை விழுந்தபோது அவர்களும்தான் விழுந்தார்கள். அப்படியிருக்க, நம்ம தோட்டக் கதைகளில் ஏன் ஒரு ஜார்ஜும் லென்னியும் நடுவில் வந்து நிற்கவில்லை? தமிழனுக்கு நட்பு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்களான ஊர் இது.

எனக்குக் கிடைத்த பதில், ஆள் எடுத்த முறையில் இருக்கிறது.

தனியாளும் கூட்டமும்

ஸ்டைன்பெக் காட்டுகிற கூலியாள் தனியாள். போர்வையைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு போவான். ஒரு பண்ணையில் ஒரு மாதம், சம்பளம் வாங்கியதும் அதைக் குடியிலும் விபசார விடுதியிலும் தீர்த்துவிட்டு அடுத்த பண்ணை. இரண்டு பேர் சேர்ந்து வந்தாலே சந்தேகம். நாவலில் பண்ணை முதலாளி ஜார்ஜைப் பார்த்து, ‘இவன் சம்பளத்தை நீ எடுத்துக்கிறியா?’ என்ற மாதிரி விசாரிக்கிறார். ஒருவன் இன்னொருவனுக்காகச் சும்மா பேசுவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கதை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர் பெயர் சோலடாட். ஸ்பானிஷில் அதற்குத் தனிமை என்று பொருள். அது நிஜமான ஊர், ஸ்டைன்பெக் உண்டாக்கிய பெயர் கிடையாது.

நம்ம ஆள் போன விதம் இதற்கு நேர் எதிர். அவன் தனியாகப் போகவில்லை. கங்காணியோடு போனான். கங்காணி யார்? அதே தோட்டத்தில் வேலை பார்த்து, துரையின் நம்பிக்கையைச் சம்பாதித்து, ஆள் கூட்டிவரச் சொந்த ஊருக்கே திரும்பி அனுப்பப்பட்டவர். மாமா, சித்தப்பா, பங்காளி, அல்லது பக்கத்துத் தெருக்காரர். இலங்கையில் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தார்கள். சில்லறைக் கங்காணி பெரும்பாலும் ஒரு குடும்பக் கூட்டத்தின் தலைவர். அண்ணன், தம்பி, கொழுந்தன், அவர்கள் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அவர் கணக்கில் வருவார்கள்.

தோட்ட நிர்வாகத்துக்கு இது ரொம்ப வசதி. ஆள் ஓடிப்போனால் துரை தேடவேண்டாம், கங்காணி தேடுவார். பிரட்டுக்களத்தில் காலையில் எத்தனை தலை வந்து நிற்கிறதோ, அதற்கேற்ப கங்காணிக்குத் தலைக்காசு. இலங்கையில் அதற்குப் பென்ஸ் காசு என்று பெயர். உடம்பு சரியில்லாத மருமகன் லயத்தில் படுத்துவிட்டால் மாமாவுக்கு வரும்படி குறையும். அவனை எழுப்பி வேலைக்கு அனுப்புவது பாசமா வசூலா என்று அவனுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

இதில் கடன் வேறு. பயணச் செலவு, அரிசி, கம்பளி, கல்யாணம், கருமாதி எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. இந்த ஆள்மேல் இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவரைக் கூட்டிப்போகலாம் என்று எழுதிய சீட்டு. அதாவது ஆளுக்கு விலை. 1921ல் சட்டம் போட்டு துண்டு முறையை ஒழித்தார்கள். ஆனால் கங்காணியிடம் கடன் வாங்கும் பழக்கம் அதோடு போய்விடவில்லை. மலாயாவில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே 1907லிருந்து தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பொது நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுத்தார்கள். அதனால் பயணக் கடன் ஆள் தலையில் விழவில்லை. ஆனால் கங்காணி, தலைக்காசு இரண்டும் அங்கேயும் உண்டு.

கலிஃபோர்னியப் பண்ணைக்கு நட்பு தேவைப்படாத பொருள். அதனாலேயே இரண்டு பேர் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது. நம்ம தோட்டத்தில் உறவுதான் ஆளைப் பிடித்த தூண்டில், ஆளைக் கட்டிய கயிறும் அதுதான். எனவே ‘எனக்கு இவன் இருக்கான்’ என்ற வாக்கியத்தை நம்ம ஆள் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது.

விலை விழுந்தது

சரி, மந்தம் வந்தபோது என்ன ஆச்சு?

1929ல் சிங்கப்பூர்ச் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் சராசரியாக 34 சென்ட். 1932ல் சராசரி 7 சென்ட். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது, டயர் படுத்தது, பேராக்கிலும் சிலாங்கூரிலும் பால்மரம் சீவுகிறவன் படுத்தான். சங்கிலியின் இந்த முனையில் ஸ்டைன்பெக்கின் அமெரிக்கா, அந்த முனையில் நம்ம தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காடு, செங்கல்பட்டு ஆட்கள்.

1930ல் மலாயாவுக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் தங்கவைத்துக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே கப்பல்கள் நிறைந்து திரும்பின. 1930லிருந்து 1932க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ், தெலுங்குத் தொழிலாளிகளை அரசு ஏற்பாட்டில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆள் கொண்டுவருவதற்காக உண்டாக்கிய நிதியே இப்போது ஆளைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. பல தோட்டங்களில் ஆளுக்கு முன்னால் வைத்தது இரண்டே வழி: குறைந்த கூலிக்கு இரு, இல்லையென்றால் இலவச டிக்கெட் வாங்கிக்கொண்டு போ.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவும் தன் மெக்சிகோ கூலிகளை ரயில் ஏற்றி எல்லைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கில் போனார்கள். அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் நிறைய. நல்ல காலத்தில் ஆள் வேண்டும், கெட்ட காலத்தில் அவன் ‘ஊருக்குப் போகவேண்டியவன்’. இரண்டு கண்டத்திலும் ஒரே தர்க்கம்.

ஊர் மட்டும் வாழ்ந்ததா? 1929லிருந்து 1933க்குள் சென்னை மாகாணத்தில் விளைபொருள் விலை கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. நெல் போட்டவன் வரி கட்ட முடியாமல் தவித்தான். கடன் கொடுக்கிறவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். அந்த ஊருக்குத்தான் மலாயாக்காரர் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். 1934ல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து ரப்பர் விலை தலைதூக்கியதும், மறுபடி ஆள் எடுத்தார்கள். மறுபடி போனார்கள்.

ஒரு கணக்கு

நான் சாஃப்ட்வேர்க்காரன், கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். ஸ்டைன்பெக் நாவலில் அந்த நிலத்தின் விலை 600 டாலர். கை இழந்த கிழவர் கேண்டியிடம் நஷ்டஈடு 250, சேமிப்பு 50, மாதக் கடைசியில் வரும் சம்பளம் 50, ஆக 350. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் குடிக்காமல் இருந்தால் இருவருக்கும் சேர்த்து 100. மொத்தம் 450. முக்கால்வாசி தேறிவிட்டது! நாவலின் சோகமே அதுதான். கனவு கிறுக்குத்தனமாக இல்லை, கணக்கு கிட்டத்தட்ட சரியாக வருகிறது. மூன்று பேர் சேர்ந்ததால் வருகிறது. தனியாளாக ஒருவராலும் முடியாது.

இப்போது நம்ம ஆள். 1928 வாக்கில் மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 சென்ட், பெண்ணுக்கு 40. மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஆணுக்கு 12 மலாயா டாலர். அப்போது டாலருக்கு இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஆகவே 12 டாலர் என்பது சுமார் பதினெட்டரை ரூபாய். 1930ல் கூலியை 40 சென்ட் ஆக்கினார்கள். 1932 வாக்கில் 30 சென்ட் பக்கம் வந்துவிட்டது. அதே 24 நாளுக்கு ஏழு டாலர் சொச்சம், பதினோரு ரூபாய். அதுவும் 24 நாள் வேலை கிடைத்தால். இதில் அரிசி, துணி, கள்ளுக்கடை, ஊருக்கு மணியார்டர் எல்லாம். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் 600 என்ற எண்ணே வராது. நாலு பேர் சேர்ந்தாலும் வராது. ஜார்ஜின் கனவு தோற்பது ஒரு விபத்தால். நம்ம ஆளின் கனவு சம்பளப் பட்டியலிலேயே தோற்றுவிடுகிறது.

மருதி, கருப்பன், வள்ளி

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ வந்தது 1935ல், ‘மணிக்கொடி’யில். ஸ்டைன்பெக் நாவலுக்கு இரண்டு வருடம் முன்னால், மந்தத்தின் நடுவிலேயே. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்து மருதி, கணவன் வெள்ளையன் சிறைக்குப் போன பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டம் போய்ச் சேர்கிறாள். அங்கே அவள் உடம்பு தோட்ட அதிகாரத்துக்கு இரையாகிறது, நோய் வருகிறது, அடுத்த தலைமுறையாக மகள் வெள்ளைச்சியும் அதே மண்ணில் வளர்கிறாள்.

இந்தக் கதையைத் தேயிலைத் தோட்டக் கொடுமை என்று மட்டும் வாசித்தால் பாதி விட்டுப்போகும். மருதியைத் துரத்துவது தோட்டத்துக்கு முன்பே ஊர். சேரியில் பிறந்தவளுக்கு ஊரில் நிலமில்லை, நியாயமில்லை. அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. போய்ச் சேர்ந்தபின் காப்பாற்ற அந்த ஏற்பாட்டில் ஒருவருக்கும் கடமை இல்லை. சுற்றிலும் ஒரே மொழி பேசுகிற ஆட்கள் இருந்தும் அவள் தனியாள். ஜார்ஜுக்கு லென்னி இருந்த மாதிரி அவளுக்கு ஒருவர் இருந்திருக்கலாம் என்று யோசிக்கும்போதுதான், அதற்கு அந்த ஏற்பாடு இடமே விடவில்லை என்பது புரிகிறது.

ஸ்டைன்பெக்கிலும் இப்படி ஒருவர் உண்டு. க்ரூக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி. மற்றவர்கள் படுக்கும் கொட்டகையில் அவருக்கு இடமில்லை, லாயத்தை ஒட்டித் தனி அறை. நிலக் கனவைக் கேட்டு ஒரு நிமிடம் அவருக்கும் ஆசை வருகிறது. நானும் வரட்டுமா என்கிறார். பிறகு நிதானித்து, வேண்டாம் என்று பின்வாங்கிக்கொள்கிறார். தமிழ் வாசகனுக்கு நாவலில் மிகவும் பரிச்சயமான ஆள் க்ரூக்ஸ்தான் என்று நினைக்கிறேன். மருதி அவர் பக்கத்து அறைக்காரி.

அடுத்தது பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’, 1969. வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர் அவர். பழைய தொழிலாளிகளிடம் கேட்டதை வைத்து ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் 2007ல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படையும் இதுதான். கடல் தாண்டாத புலம்பெயர்வு இது. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தையும் வாக்கையும் நம்பி ஆனைமலைக்குப் போகிறார்கள். ஒரு வருடம் உழைத்துக் காசோடு திரும்பலாம் என்று நினைப்பு. கணக்குப் பார்க்கும் நாளில் கடன்தான் மிச்சம். இங்கே நட்பு பெரிய வசனமாக எங்கும் வராது. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்து லயத்துப் பெண், செத்தவரைத் தூக்க நாலு தோள் என்று அன்றாடத்தில்தான் அந்த வாழ்க்கையின் சிநேகம் இருந்தது. அதற்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. அதனால்தான் கங்காணியால் அதைத் தொட முடியவில்லை.

கங்காணி இல்லாத கூட்டம்

இலங்கையிலும் மலேசியாவிலும் நண்பனுக்குக் ‘கூட்டாளி’ என்று சொல்வார்கள். கூட்டுச் சேர்ந்தவன், பங்கு உள்ளவன். அந்தச் சொல்லுக்கு முழு அர்த்தம் வந்தது இந்த மந்தக் காலத்தில்தான் என்பது என் எண்ணம்.

1931ல், இலங்கைத் தோட்டங்களில் கூலிக் குறைப்பு பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம், கோ. நடேசய்யர் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பத்திரிகையாளர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் குற்றம் என்றிருந்த காலம். புடவை வியாபாரி மாதிரி மூட்டையோடு உள்ளே போனார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலைமையைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். தெரிந்த மெட்டு, புதுச் செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் கேட்டதும் பாடலாம்.

இதில் கவனிக்கவேண்டியது, தொழிலாளி முதல் தடவையாக மாமன் மச்சான் என்ற கணக்கில்லாமல் இன்னொரு தொழிலாளியோடு சேர்ந்து நிற்கிறான் என்பது. துரையைவிடக் கங்காணிக்கு இது அதிகம் வலித்திருக்கும்.

மலாயாவில் இது வர இன்னும் பத்து வருடம் ஆனது. 1941ல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் இவற்றோடு ஒன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்று ஆக்கவேண்டும். பத்து வருடம் முன்னால் டிக்கெட் கொடுத்தால் சத்தமில்லாமல் கப்பல் ஏறிய கூட்டம், இப்போது சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையைக் கேட்கிறது.

அந்தத் துண்டு நிலம்

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போன போட் மெயில், ஊரப்பாக்கம் வழியாகச் செங்கல்பட்டு தாண்டித்தான் போனது. அன்று மீட்டர் கேஜ். இலங்கை போகிறவர்களுக்குத் தனுஷ்கோடியில் கப்பல் தயாராக நிற்கும்.

இந்த மாவட்டத்து ஆள் ஏன் கிளம்பினான்? ஏரிப்பாசன நெல்லுக்குப் பேர்போன மாவட்டம். நிலம் மிராசுதாரர்களிடம், உழைப்பு படியாட்களிடம். இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலைமை அது. அதன் தொடர்ச்சியாக 1892ல், தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்குவது என்று முடிவானது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஜார்ஜும் லென்னியும் கண்ட கனவுக்குச் செங்கல்பட்டில் சட்டமே போட்டிருந்தார்கள், அதுவும் அவர்களுக்கு நாற்பத்தைந்து வருடம் முன்னால்.

அந்த நிலங்கள் என்னவாயின என்பது வேறு கதை. கடனுக்கு, மிரட்டலுக்கு, ஏமாற்றுக்குக் கைமாறிய நிலங்களை மீட்க, மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் 1994ல் போராட்டம் நடந்தது. (எங்க ஊரை ஒட்டியிருக்கும் காரணைப்புதுச்சேரி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்த ஆண்டு அக்டோபர் 10ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்துப்போனார்கள்.

நிலம் கையில் நின்றிருந்தால் எத்தனை பேர் ஆவடி முகாமுக்குப் போயிருப்பார்கள், எத்தனை பேர் போட் மெயில் ஏறியிருப்பார்கள் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் புலம்பெயர்ந்த வரலாற்றைக் கப்பலிலிருந்து தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு இந்த மாவட்டம் போதும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்கள் கூடுவாஞ்சேரிக்கும் மறைமலை நகருக்கும் நடுவே எந்த அடுக்குமாடிக் கட்டுமானத்திலும் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒடியா, இந்தி, வங்காளம். யார் கூட்டிவந்தது என்று கேட்டால், ‘எங்க ஊர்க்காரர்தான், மாமா முறை வேணும்’ என்பார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வருகிறவர்களைக் கணவன், மனைவி, பிள்ளை என்று ஒரு அலகாகவே எண்ணி முன்பணம் கொடுக்கிறார்கள். கங்காணி என்ற பெயர் போய் கான்ட்ராக்டர் என்று பெயர் வந்திருக்கிறது. 2020 மே மாதம் ஜி.எஸ்.டி. சாலையில் மூட்டையோடு நடந்த ஆட்களை நான் பார்த்தேன். 1932ல் நிதியிலிருந்து டிக்கெட்டாவது கொடுத்தார்கள். இவர்களுக்கு ரயில் விடவே ஐந்து வாரம் ஆனது.

அந்த நடையில் ஒன்றைக் கவனித்தேன். யாரும் தனியாக நடக்கவில்லை. மூன்று பேர், ஐந்து பேர் என்று சேர்ந்து நடந்தார்கள், கான்ட்ராக்டர் கூட இல்லை. ஒரு பையன் காலில் கொப்புளம் வந்து உட்கார்ந்துவிட்டான். கூட வந்தவர்கள் அவன் மூட்டையைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கும் வரை தாம்பரம் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.